பழவேற்காடு: தலைநகரத் திடலும் குறுக்கே கட்டிய வலையும்

பழவேற்காடு போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பூநாரை தெரியுமா, இறால் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்பதுதான். அந்த ஊர் ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்ததை யாரும் கேட்பதில்லை. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்கள் நடத்திய வியாபாரத்துக்கெல்லாம் உத்தரவு இங்கிருந்துதான் போனது. நான் அங்கே போனது எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான பிறகு வந்த முதல் பொங்கல் விடுமுறையில். போகலாம் என்றவள் என் மனைவி வசந்தா. வேண்டாம் என்றவன் நான். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கோயில் குளத்தில் கால் நனைக்கவே பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

சென்ட்ரலிலிருந்து பொன்னேரிக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் பஸ். பஸ் முழுக்கக் காலி மீன்கூடைகள். நான் ஒரு கூடையை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன், யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்து மீனவர் எத்திராஜும் அவர் மனைவி கன்னியம்மாவும் படகில் எதிர்க்கரை மணல்மேட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பத்து ரூபாய்க்கு எங்களையும் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். "மதியம் சோத்துக்குள்ள வந்துடலாம் சார். நீங்களும் ஏறுங்க" என்றார் எத்திராஜ்.

"நான் கோட்டையைப் பார்க்கிறேன்" என்றேன், அது ஏதோ அவசர வேலை மாதிரி.

வசந்தா சிரித்துக்கொண்டே ஏறினாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது. படகு நகர்ந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

கோட்டைத் திடல் என்று நான் சொல்வது, ஒரு பக்கம் கோட்டை, எதிரே கல்லறைத் தோட்டம், அடுத்தாற்போல் கடைத்தெரு என்று அமைந்த வெட்டவெளியை. தலைநகரத்தின் நடுமுற்றம் அதுதான். கோட்டை என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். முள்புதர் மூடிய மேடும், சுற்றிலும் பாசி பிடித்த அகழியும்தான் மிச்சம். உள்ளே காசு அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். நான் போனபோது இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கிறது. அருமையான வேலைப்பாடு. ஆனால் புது மனைவியைப் படகில் அனுப்பிவிட்டு வந்து பார்க்கிற காட்சியா அது? உள்ளே பெரிய பெரிய பலகைக்கற்களின் கீழே கப்பல்காரர்களும் வியாபாரிகளும் படுத்திருந்தார்கள். எல்லாரும் தண்ணீரில் வந்தவர்கள் என்று நினைத்ததும் வெளியே வந்துவிட்டேன்.

கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாய் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் முன்னோர் கப்பலில் துணி அனுப்பியவர்களாம். பள்ளிவாசலுக்கு அழைத்துப் போய் வெயில் கடிகாரத்தைக் காட்டினார். அதன் நிழலைப் பார்த்துத்தான் தொழுகை நேரம் கணக்கு. நான் நிழலைப் பார்த்தேன். உச்சி தாண்டிவிட்டிருந்தது.

"பாய், எதிர்க்கரை போனவங்க இன்னும் வரலையே."

"காத்து திரும்பியிருக்கும் தம்பி. முகத்துவாரம் பக்கம் போனாதான் இழுப்பு ஜாஸ்தி. அங்கல்லாம் போமாட்டாங்க" என்றார், ஆறுதலாக.

இழுப்பு என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் என் காதில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன வரலாறெல்லாம் வீண். கோட்டை மேட்டில் ஏறி, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். முள் வேட்டியைக் கிழித்தது. மாமனாரிடம் என்ன சொல்வது என்பதுவரை யோசித்துவிட்டேன். அந்த யோசனைக்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

கரையில் தேசிங்கு என்பவர் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். "எத்திராஜா? அவனுக்கு இன்னா சார், வந்துடுவான்" என்றார்.

"என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். நான் ஏறுவதற்குத் தேசிங்கு படகைப் பிடித்துக்கொண்டார்.

எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். படகின் அடியில் குந்தி, இரண்டு கையாலும் பலகையைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டேன். மணல்திட்டைச் சுற்றியதும் தேசிங்கு ஊன்றித் தள்ளிவந்த கழி நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால், கூப்பிடு தூரத்தில் எத்திராஜின் படகு. அதில் வசந்தா, முழுசாக. ஆனால் அந்தப் படகும் நகரவில்லை. இரண்டு படகுக்கும் நடுவே நீளமாக வலை கட்டியிருந்தது.

"போங்களேன்!" என்றேன்.

"எப்டி சார் போறது? இன்னிக்கு ஆண்டிகுப்பத்தாளுங்க பாடு" என்றார் தேசிங்கு.

ஏரியில் இறால் விழுகிற இடங்களைக் குப்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. அதற்குத்தான் பாடு என்று பேர். ஒருவர் முறையில் வலை கட்டியிருந்தால், தூக்கும்வரை குறுக்கே யாரும் போவதில்லை. இறால் கலைந்துவிடும். அந்த முறை தவறினால் அடுத்த முறைக்கு வெகுநாள் காத்திருக்க வேண்டும். எத்திராஜ் முறையை ஒருநாள் பிசகிக் கணக்கிட்டுவிட்டார். போகும்போது வலை இல்லை, திரும்பும்போது இருந்தது. அவர் கரைக்குக் கேட்கக் கத்திச் சொல்லக்கூட இல்லை, இறால் கலைந்துவிடும் என்று.

ஆக, எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். நான் படகில் இருப்பதைப் பார்த்து வசந்தா முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கையை அசைக்க நினைத்தேன், பலகையை விட முடியவில்லை. வலை தூக்கி முடிகிறவரை அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகுகள் ஒட்டியதும், "யாரு உங்கள ஏறச் சொன்னது? நீச்சல் தெரியாத மனுஷன், உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்று சண்டைக்கு வந்தாள். குரல் உடைந்துபோயிருந்தது. அங்கே அவள் பட்ட பயமெல்லாம் என்னைப் படகில் பார்த்த பிறகு வந்த பயம்தான்.

போகிறவர்களுக்கு: காலை வெயிலிலேயே கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிடுங்கள், கோட்டை மேட்டில் வேட்டியோ புடவையோ வேண்டாம், பொன்னேரிக்குக் கடைசி பஸ் எப்போது என்று இறங்கியதும் கேட்டுக்கொள்ளுங்கள். படகில் ஏறுவதற்கு முன், இன்று யாருக்குப் பாடு என்று இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள்.

தண்ணீர் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் வசந்தா படகில் ஏறினால் நானும் ஏறிவிடுகிறேன். கரையில் நிற்பது அதைவிடப் பயம்.