பூட்டு அக்கா

"மூடணுமா, திறக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்." இன்டர்காமைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பூட்டு அக்கா பதினாலாம் அறையின் வைஃபையை அணைக்கிறார். பத்து நிமிடத்தில் அதே பேராசிரியர், வீடியோ காட்டவேண்டும், திறந்துவிடுங்கள் என்பார். "இதுக்கு நான் கிளாஸ் வாசல்லயே நின்னு கதவ ஆட்டிக்கிட்டு இருக்கலாம்."

கல்லூரியின் நாற்பது வகுப்பறைகளுக்கும் இணைய இணைப்பு, மாடிப்படிக்கு அடியிலுள்ள அவர் அறையிலிருந்துதான் போகிறது. இயந்திரங்களுக்காக ஓடும் ஏசியில் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருப்பார். பூட்டு அக்கா என்ற பெயர் மாணவர்கள் வைத்தது. அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. போன மாதம் முதல்வரின் பாஸ்வேர்டையே மோப்பம் பிடித்து உள்ளே நுழைந்துவிட்டார்கள். "முதல்வர் ஒரே நேரத்துல அஞ்சு கிளாஸ்ல உக்காந்து மேட்ச் பாக்குறாரு" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

நானும் அவர் உயிரை வாங்குகிறவன்தான். பொருளியல் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் தலையே நிமிர்த்துவதில்லை. பாடம் முழுக்கப் போன்தான். எரிச்சல் தாங்காமல், தேர்வு முடியும்வரை என் வகுப்புக்கு இணைப்பே கூடாது என்று முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

மறுநாள் அக்கா வகுப்பு வாசலில் வழிமறித்தார்.

"அந்தப் பொண்ணு போன்ல படமும் ஓடல, பாட்டும் ஓடல. காது கேக்காது சார் அதுக்கு. நீங்க பேசுறத எழுத்தா மாத்திக் காட்டுற ஆப் அது. வருஷம் பூரா உங்களத்தான் படிச்சிருக்கு. உங்களுக்குச் சொல்லச் சொல்லி ஆபீஸ்ல ஃபாரம் குடுத்திருக்கு, எந்த மேசையில தூங்குதோ."

வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு நாளில் தேர்வு. இதுதான் கடைசி வகுப்பு. வகுப்போ தரைக்குக் கீழே உள்ள அறை, போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. திறந்துவிடுங்கள் என்றேன்.

"நீங்க வாங்கின கையெழுத்து சார். முதல்வர் சொல்லாம தொட்டா என் வேலை போயிடும். அவரு ஊர்லயே இல்ல."

"போர்டுல எழுதிடறேன்."

"உங்க எழுத்த உங்களாலயே படிக்க முடியாது."

மணி அடித்தது. என் பின்னாலேயே அவரும் உள்ளே வந்தார். அந்தப் பெண்ணைத் தள்ளி உட்காரச் சொல்லி, இருவருக்கும் நடுவில் ஒரு நோட்டை விரித்துப் பேனாவைத் திறந்தார். நான் ஆரம்பித்தேன், பழக்க தோஷம், அதே வேகம். நாலு வாக்கியம் போயிருக்காது. அக்கா பேனாவை நிறுத்தாமல், நிமிர்ந்தும் பார்க்காமல், இடது கையைத் தூக்கி உள்ளங்கையை என் பக்கம் காட்டினார்.