ஏலிக்குட்டி சேச்சியின் தசை

கேரளத்தில் எங்கள் ஊரான பாலாவின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது ஏலிக்குட்டி சேச்சியின் கடை. சேச்சி என் கணவரின் அக்கா. கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மாட்டிறைச்சி வறுவலும் அங்கே மாதிரி வேறெங்கும் கிடைக்காது. ஆளும் கடைக்கு ஏற்ற ஆள்தான். சமையலறைக் கதவில் நேராக நுழைய முடியாது, திரும்பித்தான் நுழைவாள். சண்டை போட வந்தவர்கள்கூட அவளைப் பார்த்ததும் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்குப் பெருங்குடலில் கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போனபோது டாக்டர் ஹரீந்திரன் ஸ்கேன் படத்தைக் காட்டினார். இடுப்புக்குச் சற்று மேலே உடம்பைக் குறுக்கே நறுக்கியது போல இருந்தது அது. தசையை மட்டும் கணினி சிவப்பாகத் தீட்டியிருந்தது. சேச்சியின் படத்தில் அந்தச் சிவப்பைத் தேட வேண்டியிருந்தது. மீதியெல்லாம் கொழுப்பு.

தசை இவ்வளவு குறைந்தவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும், சிலர் படுக்கையை விட்டு எழுவதே இல்லை என்றார் டாக்டர். நாலு வாரம் பொறுக்கலாம், முட்டை, மீன், இறைச்சி சாப்பிட்டு மாடிப்படி ஏறி இறங்கட்டும், பிறகு மறுபடி படம் எடுத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார்.

சேச்சிக்கு உயிரைவிட மானம் போனதுதான் பெரிதாக இருந்தது.

"இந்த உடம்புல தசை இல்லையாமே? அப்ப நான் சுமந்துட்டுத் திரியறது என்ன, அரிசி மூட்டையா?" என்று ஆட்டோவில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மாடிப்படி ஏறினாள். சாப்பாட்டில்தான் சிக்கல். ஐம்பது நாள் நோன்பு தொடங்கியிருந்தது. ஈஸ்டர் வரை இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் தொடக்கூடாது. அதிலும் இந்த வருஷ நோன்பு, ஆபரேஷன் நல்லபடி முடிய வேண்டும் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்ட நோன்பு. பிழைக்க நேர்ந்துகொண்ட நோன்பே ஆளைக் கொல்லப் பார்த்தது. பயறு, கடலை கொடுத்துப் பார்த்தோம், வயிறு ஊதிக்கொண்டது. நோயாளிக்கு நோன்பு கிடையாது என்று எங்கள் கோயில் பாதிரியார், பங்கு அச்சன், வீட்டுக்கே வந்து சொன்னார்.

"அச்சன் விட்டுக் குடுப்பாரு. நான் வாக்குக் குடுத்தது மாதாகிட்டல்ல?" என்றாள் சேச்சி.

ஒரு வாரம் கஞ்சியிலேயே போயிற்று. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் எலியும் பூனையும்தான். ஆனாலும் அவள் சத்தம் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"சேச்சி, உங்க நோன்பை நான் எடுத்துக்கறேன். மாதாகிட்ட சொல்லிடுங்க."

"நீயா ரோசிலி? பெரிய வெள்ளிக்கிழமைகூட மத்தி வறுக்கிற வாசனை வந்தா வாசல்ல போய் நிக்கிறவளாச்சே."

"அதனாலதான் சொல்றேன். உங்க நோன்பைவிட என் நோன்புதான் மாதாவுக்குப் பெருசாத் தெரியும்."

சேச்சி எழுந்தாள். மாதா படத்தின் முன்னால் போய் நின்று ஏதோ முணுமுணுத்தாள். மறுநாள் காலையில் அவள் தட்டில் முட்டை, என் தட்டில் பயற்றங்கஞ்சி. முட்டையை அழுதுகொண்டே தின்றாள். மத்தியானம் மாட்டிறைச்சியை அழாமலே தின்றாள். தேங்காய்ச் சில்லு போட்டு வறுத்த அந்த மணத்துக்கு எதிரே உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் தண்டனை என் பகையாளிக்கும் வேண்டாம்.

நாலு வாரம் கழித்து எடுத்த படத்தில் சிவப்பு கொஞ்சம் தடித்திருந்தது. ரொம்ப ஒன்றும் இல்லை, ஆனால் போதும் என்றார் டாக்டர். புனித வாரத்தில் ஆபரேஷன் முடிந்தது. இரண்டே நாளில் சேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், நர்சுகளை அதட்டிக்கொண்டே.

ஈஸ்டர் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடையிலிருந்து வறுவல் வரவழைத்து வைத்திருந்தாள். அவளுக்கு இன்னும் கஞ்சிதான், இது எனக்கு. முதல் துண்டைத் தன் கையாலேயே என் வாயில் ஊட்டினாள். அப்படியே என் தோளைப் பிடித்துப் பார்த்தாள். கையில் எலும்பு தட்டியிருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது.

"சிஸ்டரே, அடுத்த படம் இவளுக்கு எடுங்க," என்றாள் அங்கே நின்ற நர்சிடம். "எனக்கு ஏறின தசையெல்லாம் இவ உடம்புலேர்ந்து வந்தது."