வண்டியின் மூச்சு

எங்கள் வீட்டுச் சந்தில், சுவரை ஒட்டி, நீலத் தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று நிற்கிறது. கடற்கரைக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மணலில் சுற்றும், தடித்த நான்கு சக்கரங்கள் கொண்ட ஏ.டி.வி. அது என் கொழுந்தனாருடையது. அவர் வெளிநாட்டுத் துறைமுக வேலைக்குப் போன பிறகு, வாங்க ஆளில்லாமல் இங்கேயே தங்கிவிட்டது. மழை பிடித்தால் தார்ப்பாயின் மேல் விழும் சத்தம் படுக்கையறை வரை கேட்கும். கேட்டதும் என் விரல் தானாக மகளின் மூக்கருகே போய்விடுகிறது. பள்ளிக்கூடம் போகிற பெண் இப்போது. “கூசுதும்மா” என்று தட்டிவிடுவாள்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது பெய்த பெருமழையில், நெல்லித்தோப்பில் எங்கள் தெரு முழுவதும் வாய்க்கால் தண்ணீர் ஏறியிருந்தது. காலையில் அடித்த காய்ச்சல் மதியத்தில் ஜன்னியானது. கண்கள் மேலே செருகி, கை கால்கள் வெட்டி இழுத்து, பிறகு துவண்டு போனாள். கணவர் தட்டாஞ்சாவடியில் தொழிற்சாலையை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தார். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டைத் தாண்டி வராது என்றார்கள். காலையில் கொடுத்த காய்ச்சல் மருந்தின் அளவு சரிதானா, இன்னும் கொஞ்சம் முன்பே கிளம்பியிருக்க வேண்டுமா, தூக்கிக்கொண்டு நடந்தால் திறந்த சாக்கடையில் கால் போய்விடுமா என்று வாசலுக்கும் கட்டிலுக்குமாக அலைந்தேன். கடைசியில் கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். “பாப்பாவத் தூக்கி வச்சிக்கோங்க அண்ணி, வந்துட்டேன்” என்றவர், சொன்னபடியே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அந்த வண்டியில் வந்து நின்றார்.

குழந்தையை மழைக்கோட்டுக்குள் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு தெரு தாண்டியிருப்போம். எதிரே தண்ணீர் அலையாக எழும்பி இருக்கையை நனைத்தது. வண்டி இருமியது, திணறியது, நடுத்தெருவில் நின்றுவிட்டது. “ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி” என்று கத்தினேன். அவர் ஸ்டார்ட் பொத்தானைத் தொடவே இல்லை. பொறுக்க முடியாமல் நானே கையை நீட்டி அந்தப் பொத்தானை அழுத்தப் போனேன். சாவியைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு இறங்கினார். தொடையளவுத் தண்ணீரில் வண்டியைத் தள்ளத் தொடங்கிய பிறகுதான் பல்லுக்கிடையில் பேசினார்: “எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருந்தா, அழுத்துனதும் உள்ள இருக்குற ராடு வளஞ்சி போயிடும் அண்ணி. அப்புறம் யாரு வந்தாலும் ஓடாது.” எனக்கு அது எதுவும் மண்டையில் ஏறவில்லை. மழைக்கோட்டுக்குள் விரலை விட்டுக் குழந்தையின் மூக்கருகே வைத்திருந்தேன். என் விரலே விறைத்துப் போயிருந்ததால், படுவது மூச்சா காற்றா என்று தெரியவில்லை.

மாடியிலிருந்து ஓர் அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, இது பீச்சுல சுத்துற வண்டி. படகுன்னு நெனச்சிட்டியா?”

“படகா இருந்தா இப்படி மானத்த வாங்காதுக்கா” என்றார் இவர், தள்ளுவதை நிறுத்தாமல்.

பூட்டியிருந்த ஒரு கடையின் சாய்தளத்தில் ஏற்றினோம். தண்ணீர் எஞ்சினுக்குக் கீழே இறங்கியது. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ஈரமில்லை. இப்போது உள்ளே தண்ணீர் இருந்தாலும் வெளியேற வழி உண்டு என்று, பிளக் இல்லாமலே பொத்தானை அழுத்தினார். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும் என்று எதிர்பார்த்தவர் முகத்தில் வெறும் காற்றுதான் அடித்தது. “உள்ள போவல. அப்ப ஏன் நின்னுச்சு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பெட்ரோல் குழாயை முகர்ந்தார். குழந்தைக்கு மறுபடியும் இழுத்தது. “தம்பி” என்றேன். அவர் இருக்கையைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே பார்த்தார். பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வண்டி காற்றை இழுக்கும் வாயில் ஒரு துணி இறுகக் கட்டியிருந்தது. மணல் உள்ளே போகாமலிருக்கக் கடற்கரையில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்களாம். மெல்லிய துணியாக வேண்டும் என்று முன்பு என்னிடம் கேட்டபோது, குழந்தையின் பழைய தூளிச் சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்திருந்தேன். நனைந்த பருத்தி அந்த வாயில் தோல்போல ஒட்டிக்கிடந்தது. “மணலுக்குப் பயந்து மூக்கையே கட்டி வச்சிருக்கேன் பாருங்க” என்று அதைக் கிழித்து எறிந்தார். பிளக்கைப் பூட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கறுப்பாகப் புகைவிட்டு, உறுமி, வண்டி ஓடத் தொடங்கியது. அதன் பிறகு அலை எழும்பாதபடி, ஒரே வேகத்தில், உருட்டிக்கொண்டு போனார். மருத்துவமனையில் குழந்தையை என் கையிலிருந்து வாங்கிய நர்ஸ், “மூச்சு இருக்கும்மா, விடுங்க” என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

இன்று மறுபடியும் மழை எச்சரிக்கை. கணவருக்கு வேலை நாள். தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டது. தொலைபேசியில், அத்தனை தூரத்திலிருந்து, “அண்ணி, தண்ணி எவ்ளோ நிக்குது?” என்று கேட்கிறார் கொழுந்தனார். முழங்காலுக்குக் கீழேதான் என்கிறேன். பேசி முடித்ததும் மகளை உள்ளே உட்காரவைத்துவிட்டுச் சந்துக்குப் போகிறேன். தார்ப்பாயை விலக்கி, இருக்கையைத் தூக்கி, அந்த வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன். துணியில்லை, சிலந்தி வலைகூட இல்லை, திறந்துதான் இருக்கிறது. பாட்டரி செத்துப்போய் எத்தனையோ நாளாகிறது. எனக்கு வண்டி ஓட்டவும் தெரியாது. இருக்கையை மூடிவிட்டு வந்தவள், பாதி வழியில் நின்று, சரியாகப் பார்த்தேனா என்று திரும்பிப் போகிறேன்.