தகரக் கூண்டும் ஆடுகிற காலும்

வேலை முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா முதலில் கூண்டைத் தட்டிப் பார்ப்பார். செருப்பைக் கழற்றுவது, முகம் கழுவுவதெல்லாம் அப்புறம். கொல்லைப்புறத்தில் நிற்கும் அந்தக் கூண்டின் தகரக் கூரையை விரல் முட்டியால் டொக், டொக்கென்று தட்டியபடி சுற்றி வருவார், கடையில் பானை வாங்குகிறவர் மாதிரி. ஓரிடத்தில் சத்தம் பிசகினால் நின்றுவிடுவார். "இங்க ஒரு ரிவிட் லூசாயிருச்சு தம்பி" என்பார். மதிற்சுவருக்கு இந்தப் பக்கம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும் நான்தான் அதை லூசாக்கியதுபோல் இருக்கும் பார்வை.

தெருவுக்கு அவர் தகரக்காரம்மா. ஓட்டல் சமையலறைகளுக்குப் புகைபோக்கி செய்யும் பட்டறையில் வேலை. யாரோ கழித்துவிட்ட தொலைநோக்கி ஒன்றை வாங்கி வந்தவர், அதற்கொரு வீடும் கட்டிவிட்டார். ஆளுயரச் சுவர், மேலே கவிழ்த்த சட்டிபோல் கூரை, அதில் வானம் பார்க்க நீளமான ஒரு திறப்பு. கூரை மொத்தமும் சக்கரத்தில் சுற்றும். நிலா எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திறப்பைத் தள்ளிக்கொள்ளலாம். தெருவிளக்கில் கண் கூசாது.

கட்டி முடித்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் திறப்பை உச்சிவரை வெட்டாமல் விட்டார். தலைக்கு நேர்மேலே வரும் நட்சத்திரமெல்லாம் தகரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. வெட்டினார். மழை ஒழுகியது. அடைத்தார். உடைந்த அலுவலக நாற்காலிகளின் சக்கரங்களைக் கூரைக்கு மாட்டினார். அதைச் சுற்றும்போதெல்லாம் எங்கள் வீட்டு நாய் ஊளையிட்டது. சக்கரத்துக்கு ரப்பர் போட்டார். "ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு பல்லைக் காட்டும். வேலைன்னா அப்படித்தான்" என்பார், சிரித்துக்கொண்டே. அந்தக் குணத்தின் மேல் எனக்குப் பொறாமை உண்டு. என் வீட்டுக் குழாய் போன மழைக்காலத்திலிருந்து சொட்டுகிறது.

அவர் கணவர் தையல்காரர். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் சாரல் புகாமல் தொங்குகிற மழைத்துணிப் பாவாடை அவர் தைத்தது. தகட்டின் மறுமுனையைப் பிடித்ததும் ஏணியைப் பிடித்ததும் அவரே. தங்கமான மனிதர். ஒரே குறை, கால். காலமெல்லாம் மெஷின் மிதித்த கால், மெஷினை விட்டு எழுந்தாலும் மிதிப்பதை விடுவதில்லை. எங்கே உட்கார்ந்தாலும் முட்டி மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் சோபாவில் அவரோடு உட்கார்ந்தால் பஸ்ஸில் போவதுபோல் இருக்கும்.

கூண்டுக்குள் அதுவே வினையாகிவிட்டது. தொலைநோக்கியில் எல்லாம் பெரிதாகத் தெரியும், ஆட்டம் உட்பட. கணவர் பின்னால் முக்காலியில் உட்கார்ந்ததும் நிலாவுக்குக் குளிர்ஜுரம் வந்துவிட்டது.

"காலை ஆட்டாதீங்கன்னா!"

"நான் எங்க ஆட்டுறேன்? உன் தரைதான் ஆடுது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போங்க, வெளிய போய் உக்காருங்க."

போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து கூண்டுக்கு வெளியே கிடந்த பெயிண்ட் டப்பாதான் அவருக்கு ஆசனம். உள்ளே மனைவி பார்ப்பார். வெளியிலிருந்து இவர் கேட்பார்.

"இப்ப என்ன தெரியுது?"

"பள்ளம் பள்ளமாத் தெரியுது."

"எவ்ளோ பெருசு?"

"பெருசுதான்."

ஏணி பிடித்தவருக்கு நிலா காதுவழியாகத்தான் கிடைத்தது.

ஒருநாள் மாலை டொக், டொக் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தகரக்காரம்மா டார்ச்சோடு கூண்டின் மரத்தரைக்கு அடியில் படுத்திருந்தார்.

"கூரைக்கு மோட்டார் வைக்கப் போறீங்களாக்கா?"

"மோட்டார் கிடக்கட்டும் தம்பி. அந்த மனுஷன் டப்பா மேல உக்காந்திருக்காரு, எனக்கு நிலாவே பிடிக்கல." எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "உறுதியா இருக்கட்டும்னு தரையோட சட்டத்தைத் தூணோட சேர்த்து வெல்டு வெச்சுட்டேன். தரை ஆடுனா தூண் ஆடும், தூண் மேலதானே தொலைநோக்கி இருக்கு? கூடமேதான் கோணல். அவரைப் போய் வெரட்டிட்டேன் பாரு."

தன் கையால் ஒட்டியதைத் தன் கையாலேயே அறுக்க ஒரு மனசு வேண்டும். அறுத்தார். தரைக்குத் தனியாகக் கால்கள் வைத்தார். தூணைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டார். தரை தன் பாட்டுக்கு, தூண் தன் பாட்டுக்கு. நாய்கூட அந்த அறுக்கும் சத்தத்துக்குப் பழகிவிட்டது.

நேற்று வெளிச்சம் மங்குவதற்குள்ளேயே பிறை தெரிந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். கணவரை முக்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தகரக்காரம்மா தொலைநோக்கியில் கண்ணை வைத்தார்.

"ம், ஆட்டுங்க."

"நெஜமாவா?"

"நல்லா ஆட்டுங்கன்னா!"

தையல்காரர் ஆட்டினார். கல்யாண ஆர்டரை ஒரே நாளில் முடிப்பவர்போல் மிதித்தார். பலகை அதிர்ந்தது, என் மூக்குக்கண்ணாடி அதிர்ந்தது.

"நிலா ஆடாம நிக்குது" என்றார் தகரக்காரம்மா. "வாங்க. நீங்க பாருங்க."

தையல்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை வைத்தார். என்ன தெரிகிறது என்று நாங்கள் கேட்டோம். அவர் கண்ணை எடுக்கவில்லை. நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். அந்தக் கால் நின்றிருந்தது.

தகரக்காரம்மாவும் பார்த்துவிட்டார். இவ்வளவு அறுத்ததும் ஒட்டியதும் இதற்கா என்று ஒரு சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தரையில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆட்டுங்க. ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, அசையாமலிருந்த அந்த முட்டியைக் கையால் பிடித்து மெதுவாக ஆட்டிவிட்டார்.