வலிக்காத பல்

ஈப்போவில் எங்கள் தெருவுக்கு ஒரு சீனப் பல் வைத்தியர் இருக்கிறார். வலிக்கிறது என்றால் அவருக்குச் சந்தோஷம். வலிக்கவில்லை என்றால் முகம் தொங்கிவிடும். இரண்டு மாதத்துக்கு முன் இரண்டு சொத்தைப் பற்களோடு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு பல்லில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சி, “சாக்கிட்?” என்றார். வலிக்கிறதா என்று மலாய் மொழியில் கேட்கிறார். உயிர் போகிறது என்று கத்தினேன். மனுஷர் சிரித்துக்கொண்டே காலால் மிதிக்கும் எந்திரத்தைச் சுழற்றி, அழுகியதையெல்லாம் தோண்டி எடுத்தார். ஓட்டை பெரிதானது. அப்புறம்தான் வெள்ளி நிறக் கலவையை வைத்து அழுத்தி அடைத்தார்.

அடுத்தது, என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டுத் தானாகவே அடங்கிப்போன பல். “சாக்கிட்?” என்றார். “தீடா!” என்றேன், வலியே இல்லை என்ற பெருமையோடு. அவர் சிரிக்கவில்லை. கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டு, “சூடா மாத்தி” என்றார். செத்துவிட்டதாம். அதைப் பிடுங்கி, வேரில் தொங்கிய சீழ்ப் பையை என் கண் முன்னே நீட்டினார். உள்ளே நரம்பு செத்தால் வலி நின்றுவிடும், சீழ் நிற்காது, மேலே மூடி வைத்தால் கீழே இறங்கும் என்று விரலால் தாடையிலிருந்து கழுத்துவரை கோடு போட்டுக் காட்டினார். எனக்கு முத்தையாவின் நினைப்பு வந்துவிட்டது.

முத்தையா என் தம்பி. பூம்பாறையில் எங்கள் பூண்டுக் காட்டைப் பார்த்துக்கொள்கிறவன். நான் கப்பலேறுவதற்கு முந்தைய கோடையில், கடைவாய்ப் பல் வலியால் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தவனைக் கோடைக்கானலுக்குக் கூட்டிப்போனேன். சீசனுக்கு மலையேறி வரும் வெள்ளைக்காரர்களோடு ஒரு பல் டாக்டரும் வருவார். அவரிடமும் இதே மிதி எந்திரம்தான். அது சுழன்றதுமே தம்பி எகிறிக் குதித்து வெளியே ஓடிவிட்டான்.

“ஓட்டைய அடைக்கச் சொன்னா பெருசாக்குறாரேண்ணே! இது என்ன சோலி? வாங்க, வெரசா ஊருக்குப் போவோம்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வழக்கம் வேறு. கண்டங்கத்திரி விதையைச் சுட்டு வாய்க்குள் புகை பிடித்தால் பல்லுக்குள் இருக்கும் புழு செத்து விழும். அது திரும்பி வராதபடி தேன்மெழுகை உருக்கி ஓட்டையை அடைத்துவிடுவோம்.

நான் பல் வைத்தியரிடம் போவதற்குச் சில நாள் முன்புதான், பூம்பாறையில் பூண்டு வாங்கி விற்கும் பாலசமுத்திரத்து ராவுத்தர் ஒருவர் இங்கே வந்து இறங்கினார்.

“ஒங்க தம்பிக்குப் பல்லுவலி விட்டே போச்சுங்க. மெழுகு வச்சு அடைச்சுக்கிட்டாரு. தாடைதான் லேசா வீங்கிக் கெடக்கு. வலி சுத்தமா இல்லைங்கிறாரு” என்றார். நான் மகிழ்ந்துபோய் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

வைத்தியரிடமிருந்து நேரே தபாலாபீசுக்கு ஓடினேன். மெழுகை எடு, கோடைக்கானலுக்குப் போ, தோண்டினால் தோண்டட்டும் என்று எழுதிப் போட்டேன். சண்டைக் காலம்; கப்பல் எப்போது கிளம்பும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை பதில் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது மலைப் பக்கம் போனால் அவனிடம் சொல்லுங்கள்.

காலையில் தண்ணீர் பட்டால் என் அடைத்த பல் சுருக்கென்கிறது. உயிரோடு இருக்கிறது என்று ஆறுதல்படுகிறேன். நாக்கு அதைத் தடவிவிட்டுப் பக்கத்து வெறும் குழிக்குள் போய் நிற்கிறது. அந்த நேரத்தில், கடல் தாண்டி வந்தவன், எங்கள் பூம்பாறை முருகனிடம் தினமும் ஒன்றையே கேட்கிறேன்: சாமி, என் தம்பிக்கு வலிக்கட்டும்.