உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்

ஒரு சிக்கன் ரெஸ்டாரன்ட்டின் ஒரகடம் கிளையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களுக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். ஏதோ தூர தேசத்தில் ஒரு சின்னக் கடை, கரி அடுப்பில் மிளகாய் பூசிய கோழி, வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து சாப்பிடும் கூலியாட்கள். அந்தக் கடைதான் இன்று உலகமெங்கும் கிளை விட்டிருக்கிறது என்றார்கள். நான் கொட்டாவி விட்டேன். எங்கள் மேனேஜர் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். வல்லக்கோட்டைக்காரர்; பல வருடம் தொழிற்சாலை லைனில் நின்றுவிட்டு வந்தவர். அவரை யாரும் மேடம் என்றதில்லை, அக்காதான்.

பக்கத்துத் தொழிற்சாலைகளில் முதல் ஷிஃப்ட் விட்டதும் கம்பெனி யூனிஃபார்மோடு ஆட்கள் வந்து மேஜைகளை நிறைத்துவிடுவார்கள். கிளையை எடுத்து நடத்திய ஓனருக்கு அது பிடிக்கவில்லை. "யூனிஃபார்ம்ல வர்றவங்களுக்குப் பார்சல் மட்டும் குடுங்க. டேபிள் ஃபேமிலிக்கு" என்றார். அக்கா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மதியம் பென்னலூர் பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் ஆறு பேர் வந்தார்கள். ஒருத்திக்குப் பிறந்த நாள். இருப்பதிலேயே அதிகக் காரம் கேட்டு வாங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓனர் உள்ளே வந்தார். அக்காவிடம் அவர்களை எழுப்பச் சொன்னார்.

"சாப்பிடறவங்கள எழுப்ப மாட்டேன் சார். இந்த மாதிரி ஆளுங்க சாப்ட்டுதான் இந்தக் கடை வளந்துச்சுன்னு நீங்கதான் வீடியோ போட்டுக் காட்னீங்க. எழுப்பியே ஆவணும்னா நீங்க போய் சொல்லுங்க."

அவர் மேஜையைப் பார்த்தார். போகவில்லை. அந்தப் பெண்கள் போன பிறகு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னார். நான் கவுன்டரில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். அடுத்த பில்லைப் போட்டேன். அக்கா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "புதுசா ஆள் வந்துருக்கு, அந்த டேபிளுக்குத் தண்ணி வெய்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட அன்று தூங்கியிருப்பேன்.

மறு வாரம் அதே நேரத்துக்கு அக்கா வந்தார், அந்த ஆறு பேரோடு. நடு மேஜையில் உட்கார்ந்தார்கள். ஓனர் என் பக்கத்தில் வந்து, "எல்லாத்தையும் பார்சலா போட்டுடு" என்றார். பழக்கத்தில் என் கை பார்சல் டப்பாவை எடுத்துவிட்டது. எடுத்த கையோடு திரும்ப வைத்தேன். ஏழு தட்டில் கோழியை வைத்து நானே கொண்டு போனேன். பின்னாலிருந்து இரண்டு முறை என் பெயர் கேட்டது. திரும்பவில்லை.

அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இன்னாடி நின்னுகினு கீற? உக்காரு."

கடை யூனிஃபார்மோடு உட்கார்ந்தேன். அந்த வேலை அத்தோடு போயிற்று.

இப்போது அக்கா ஒரு தொழிற்சாலை கேன்டீனைப் பார்த்துக்கொள்கிறார். நான் வேறு கடையில் இருக்கிறேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது பழைய கடையின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பேன். ஷிஃப்ட் விடும் மூன்று மணிக்கு எல்லா மேஜையிலும் யூனிஃபார்ம்தான். யாரும் நின்றுகொண்டு வாங்கிப் போகவில்லை.