கோடு போடாத பேஸ் கித்தார்

1. மாஸ்டர் வைத்த கெடு

“ரிங்லெட் ஊர்ல நடக்கிற கல்யாணம் வரைக்கும் பாப்பேன், மணியம். அதுக்குள்ள உன் பேஸ் வழுக்கணும். இல்லன்னா ஆர்கன்காரனைக் கூப்பிட்டுக்குவேன். அவன் இடது கையாலயே பேஸ் வாசிச்சிருவான் லா.”

சொன்னவர் தங்கையா மாஸ்டர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எங்கள் கல்யாண பேண்டுக்குத் தலைவர், வயலின் அவர் கையில். நான் பகலில் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர், கல்யாண நாட்களில் பேஸ் கித்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. புதிய சினிமாப் பாட்டுகளில் பேஸ் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். என் கித்தாரின் கழுத்தில் குறுக்கே ஃபிரெட் என்ற உலோகக் கம்பிகள் பதித்திருந்ததால் அது படி ஏறுவது போல டக் டக்கென்றுதான் போகும். ஃபிரெட் இல்லாத கித்தார் வேண்டும். கையில் இருந்தது அந்த வருஷத்து போனஸ் மட்டும்.

2. ஈப்போ கடை

மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கி, அங்கிருந்து ஈப்போ டவுனுக்கு பஸ் பிடித்தோம். கூட வந்தவர் எங்கள் பேண்டின் பாடகி ராஜம்மா அக்கா. கொழுந்து எடுக்கிறவர். புடவை வாங்க வந்தார்.

கடையில் ஃபிரெட்லெஸ் மூன்று இருந்தன. ஜப்பான் கித்தாரின் விலை அட்டையைப் பார்த்துவிட்டு அதைத் தொடாமல் நகர்ந்தேன். இரண்டாவது பழையது. பெயிண்ட் உரிந்திருந்தது. ஃபிரெட் இருக்கவேண்டிய இடங்களில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மட்டும் போட்டிருந்தார்கள். மூன்றாவது புத்தம் புதுசு, பளபளக்கும் சிவப்பு. கழுத்து மொழுமொழுவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை.

கடை முதலாளியான சீனத் தவுக்கே நன்றாகத்தான் சொன்னார். “தம்பி, மொத தடவையா? கோடு உள்ளது எடு லா. ஃபிரெட் இல்ல, விரல் கொஞ்சம் தள்ளினா சுரம் போச்சு.”

ராஜம்மா அக்கா பழையதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “என்னடா இது, பள்ளிக்கூடத்து நோட்டு மாதிரி கோடு போட்டிருக்கு? செவப்பு எடு. மேடையில எடுப்பா இருக்கும்.”

கழுத்து வளையாமல் நேராக இருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. சிவப்பையே வாங்கினேன்.

3. வீட்டில்

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டுக் கவலைப்பட்டார். “என்ன மணியம், கடைக்காரன் குறுக்குக் கம்பியைப் பிடுங்கிட்டுக் குடுத்துட்டானா? திருப்பிக் குடுத்துட்டு வா.”

ஒத்திகையில் அதைவிட மோசம். நான் அழுத்திய எதுவும் சுரத்தில் நிற்கவில்லை. மாஸ்டர் வயலின் வில்லைக் கீழே வைத்தார்.

“வழுக்கத்தானே சொன்னேன்? விழச் சொன்னேனா?”

“கோடு இல்ல மாஸ்டர், இடம் தெரிய மாட்டேங்குது.”

“என் வயலின்ல கோடு இருக்கா? நான் வாசிக்கல?”

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஃபிரெட் உள்ள என் பழைய கித்தாரை வைத்து முக்கியமான இடங்களை அளந்து, என் மனைவி செல்வியின் பச்சை ஸ்டிக்கர் பொட்டுகளைக் கழுத்தின் மேல் ஓரத்தில், என் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி ஒட்டினேன். “நெத்திக்கு வாங்குன பொட்டு கித்தாருக்கா?” என்று செல்வி முணுமுணுத்தாள். ஆனால் வாசிப்பு வந்தது. இரண்டாவது பொட்டில் விரல் வைத்தால் முதல் பாட்டின் ஆதார சுரம். கணக்கு அவ்வளவு சுலபம்.

4. ரிங்லெட் மண்டபம்

தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்தது. மாஸ்டர் தலையசைத்தார். நான் இரண்டாவது பொட்டில் விரலை வைத்து, நம்பிக்கையோடு ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

மண்டபமே அதிர்ந்தது. பந்தியில் ஒருவர் அப்பளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே அபசுரம். வாசித்துக்கொண்டே மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் ஆர்கன்காரன் தெரிந்தான்.

உதவிக்கு ராஜம்மா அக்காவைப் பார்த்தேன். சிவப்புப் புடவை. நெற்றியில் பச்சைப் பொட்டு.

குனிந்து எண்ணினேன். ஒன்று குறைந்தது. அக்கா முகம் கழுவியபோது அவர் பொட்டு விழுந்துவிட்டிருக்கிறது. நான் காப்பி குடிக்கப் போயிருந்த நேரத்தில் கித்தாரிலிருந்து இரண்டாவதை உரித்து ஒட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது இடத்தை இரண்டாவது என்று நினைத்து நான் அழுத்திக்கொண்டிருந்தேன்.

பாட்டுக்கு நடுவே ஒரு பெண்ணின் நெற்றியில் கை வைக்க முடியுமா? இனி பொட்டுகளையும் நம்ப முடியாது, எண்ணவும் நேரமில்லை. மாஸ்டரின் வயலினை மட்டும் கேட்டேன். சுரத்துக்குக் கொஞ்சம் கீழே விரலை வைத்து, வயலினோடு சேரும்வரை மெல்ல மேலே தள்ளினேன். சேர்ந்த இடத்தில் நிறுத்தினேன். அடுத்த சுரத்துக்கும் அப்படியே. பயத்தில் தேடித் தேடிப் போனதுதான், ஆனால் வெளியே கேட்டது என்னவோ வழுக்கல். மாஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. புருவம் மட்டும் மேலே போனது.

முடிந்ததும் அக்காவிடம் பாய்ந்தேன். “அக்கா, என் சுரத்தை எடுத்து நெத்தியில வச்சிருக்கீங்க!”

“அத்தனை இருந்துச்சே, ஒண்ணு எடுத்தா என்னடா?” என்றார்.

அதற்குள் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். “பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சு, மாஸ்டர். ஆனா ஆரம்பத்துல மாடு கத்துன மாதிரி ஒரு சத்தம் வந்துச்சே?”

நான் குனிந்து ஒயரைச் சுருட்டினேன். மாஸ்டர் வயலினைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: “பக்கத்துத் தோட்டத்து மாடுங்க. ஆளனுப்பிக் கட்டச் சொல்லிட்டேன்.”

அவர் போனதும் என்னிடம் திரும்பினார். “அடுத்த வாரம் திரிங்காப்ல கல்யாணம். நீ மட்டும் வா. மாடு வேணாம்.”

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த பேண்டில் வாசித்தேன். முதல் ஃபிரெட்லெஸ் எது வாங்கலாம் என்று இப்போதும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கழுத்து நேராக இருக்கவேண்டும். பெயிண்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கடையிலேயே மெதுவாக வாசித்துப் பாருங்கள். சுரம் நிற்கவில்லை என்றால் கோடு உள்ளதை எடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் இரண்டாவதாக வாங்கியது கோடு உள்ளதுதான்.